புடலங்காயின் வாலில் கல்

அந்தக் காலத்தில் பாம்பும் மனிதரும் பேசிக்கொள்வார்கள். பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. மழை வருமா, எலி எந்தப் பக்கம் போயிற்று என்ற அளவில்தான். அப்போது ஆற்றங்கரை ஊர் ஒன்றில் நல்லாயி என்றொருத்தி இருந்தாள். புருஷன் காளியண்ணன் விடிந்ததும் பாரவண்டி ஓட்டப் போய்விடுவான். வீட்டுக்குப் பின்னால் இருந்த காய்கறித் தோட்டம் அவள் பாடு.

ஒரு மாசி மாதம், பனி விட்ட கையோடு, நல்லாயி மண்ணைக் கொத்தி எருப் போட்டுப் புடலை விதை ஊன்றினாள். மறுநாள் காலையில் பார்த்தால் குழி குழியாகத் தோண்டிக் கிடந்தது. எலி. மறுபடி ஊன்றினாள், அதுவும் போயிற்று. முடிச்சில் மிச்சம் இருந்தது பதினோரு விதைதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு பாத்தி ஓரமாகக் குந்தியிருந்தாள். வேலியிலிருந்து ஒரு சாரைப்பாம்பு தலையை நீட்டியது.

"ஏன் அம்மிணி, ஊணாம உக்காந்திருக்கே?"

"ஊணி என்ன பண்ண? எலிக்கு விருந்து வைக்கவா?"

"நீ ஊணு. எலியை நான் பாத்துக்கறேன். கொடி பந்தல் ஏறினா எனக்கும் கொஞ்சம் நிழல் குடு. இந்த வருஷம் வெயில் என்னைத் தரையில படுக்க விடாது போல."

நல்லாயி ஊன்றினாள். பதினொன்றில் ஒன்பது முளைத்தது.

சாரை சொன்ன சொல் தவறவில்லை. ராத்திரியெல்லாம் பாத்தியைச் சுற்றும். பகலில் பந்தல் மேல் படுத்துத் தூங்கும். சித்திரை பிறந்தபோது பந்தல் முழுக்கக் காய். அந்நாளைய புடலங்காய் வளைந்தும் நெளிந்தும் சுருண்டும்தான் தொங்கும். அதற்கு நடுவே சாரையின் வாலும் தொங்கினால் எது காய், எது வால் என்று சட்டென்று தெரியாது. அதனால் நல்லாயி அரிவாளோடு வரும்போதெல்லாம், "நான்தான் வர்றேன்" என்று குரல் கொடுப்பாள். சாரை வாலைச் சுருட்டிக்கொள்ளும். அவ்வளவுதான் ஏற்பாடு. அதிலேயே ஒரு சிநேகம் வளர்ந்திருந்தது. வண்டிப் பாதையையே பார்த்துக் கிடக்கும் நீண்ட பகல்களில் அவளுக்குப் பேச்சுத்துணை அதுதான்.

ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் காளியண்ணனின் அக்காள் வந்து இறங்கினாள். அடுப்பில் உலை கொதித்தது. குழம்புக்குக் காய் இல்லை. நல்லாயி அரிவாளை எடுத்துக்கொண்டு ஓடினாள். வாசலிலிருந்து நாத்தனார் ஏதோ கேட்க, தலையைத் திருப்பி அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே பந்தலுக்குள் கையை விட்டாள். ஒரு காயைப் பிடித்து அறுத்தாள். இன்னொன்றைப் பிடித்து அறுத்தாள்.

இரண்டாவது கையில் துள்ளியது.

பந்தலிலிருந்து சாரை அவள் காலடியில் விழுந்து புரண்டது. கையில் ஒரு சாண் வால் துடித்தது. நல்லாயி போட்ட அலறலில், அப்போதுதான் வண்டியை அவிழ்த்துவிட்டிருந்த காளியண்ணன் தடியோடு ஓடி வந்தான். பெண்டாட்டியின் கை முழுக்க ரத்தம்; காலடியில் பாம்பு. அவனுக்கு வேறென்ன தோன்றும்?

"கடிச்சிருச்சா? தள்ளு! ஒரே அடியில முடிச்சுடறேன்!"

நல்லாயி பேசாமல் நின்றிருந்தால் போதும். தடி விழுந்திருக்கும், குற்றமும் பாம்பின் மேல் போயிருக்கும். ஓங்கிய தடிக்குக் குறுக்கே போய் நின்றாள்.

"கடிக்கலீங்க. இது அதோட ரத்தம். நான்தான் பாக்காம அறுத்துட்டேன்."

தடி மெல்லக் கீழே இறங்கியது.

மஞ்சளை அரைத்து வந்து அவளே காயத்தில் அப்பினாள். சாரை அசையாமல் கிடந்தது.

"திருப்பிக் கடிச்சிருக்கலாமே நீ," என்றாள்.

"வாய் வரைக்கும் வந்துச்சு," என்றது சாரை. "உன் கைன்னு தெரிஞ்சதும் நிறுத்திட்டேன். உனக்குத்தான் என் வால் தெரியலே."

ஊர்ந்து வேலிக்குள் போய்விட்டது.

அன்றைய குழம்பு நல்லாயிக்கு இறங்கவில்லை. விடிந்ததும் ஆற்றுக்குப் போய் மடி நிறையக் கூழாங்கல் பொறுக்கி வந்தாள். வாழைநாரைக் கிழித்து ஒவ்வொரு காயின் நுனியிலும் ஒரு கல்லைக் கட்டினாள். கட்டி முடித்து வேலியோரம் போய் நின்றாள்.

"சாரை, இனி கை வச்சா கல்லு தட்டுப்படும். கல்லு இருந்தா காய். இல்லேன்னா நீ. குரல் குடுக்க மறந்தாலும் கை மறக்காது. வந்து படுத்துக்கோ."

வேலிக்குள் சருகு அசைந்தது. பதில் வரவில்லை.

சாரை மறுபடி வந்தது, எலி பிடித்தது, பந்தல் நிழலிலும் படுத்தது. பேச்சு மட்டும் வரவில்லை. நல்லாயி சாகும்வரை, "நான்தான் வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் பந்தலுக்குள் நுழைவாள். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று கேட்பாள்.

கல்லின் பாரத்தில் அவள் தோட்டத்துக் காய்கள் நூல் பிடித்ததுபோல் இறங்கின. எதற்குக் கல் கட்டினாய் என்று அக்கம்பக்கத்தார் கேட்டார்கள். நடந்ததைச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. "காய் நேரா வளரத்தான்," என்றாள். அவர்களும் அப்படியே நம்பி, அப்படியே கட்டினார்கள். சாரையைப் பார்த்து மற்றப் பாம்புகளும் மனிதரோடு பேச்சை விட்டன.

அன்று முதல்தான் புடலங்காய்க்கு நாம் கல் கட்டுவதும், நாம் என்ன கேட்டாலும் பாம்பு வாய் திறவாமல் விலகிப் போவதும்.