ராஜாவைச் சுற்றிய சுண்ணாம்புக் கோடு

முன்னொரு காலத்தில், கடன்பட்டவரைச் சுற்றிக் கோடு கிழிக்கும் வெண்கூர் நாட்டைக் கோளரிவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். அந்த நாட்டில் ஒருவன் தரவேண்டியதைத் தராவிட்டால், கடன் கொடுத்தவர் அவனைச் சுற்றிச் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போடலாம். அவன் பாக்கியைக் கட்டணும், இல்லை பிணை வைக்கணும். இரண்டும் செய்யாமல் கோடு தாண்டினால் சொத்து முழுதும் கடன் கொடுத்தவருக்கு. பாவப்பட்டு வேறு யாராவது கோட்டை அழித்தால், கடன் அழித்தவர் தலையில்.

"என் பாட்டன் போட்ட சட்டம். எனக்கும் சேர்த்துத்தான்!" என்று ராஜா மீசையை முறுக்குவான். முறுக்க மாட்டானா? அவன் கால் தரையில் பட்டால்தானே! போவது பல்லக்கில், பத்து முழம் நெருங்கினால் ஈட்டி.

பந்தல்காரி பவளாயிக்கு அந்த மீசையைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும். ராஜகுமாரி கல்யாணத்துக்கு அரண்மனை முற்றத்தில் பந்தல் போட்டவள் அவள்தான். கல்யாணம் முடிந்து, பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளை பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நடக்கவும் பழகிவிட்டது. கூலி மட்டும் வரவில்லை; கேட்டபோதெல்லாம் 'நாளைக்கு வா' என்றார்கள். நிழல் சுகமாயிருக்கிறதென்று பந்தலைப் பிரிக்கவும் விடவில்லை. மூங்கில் மொத்தமும் அங்கே நின்றால் வேறு வீட்டுக் கல்யாணத்துக்கு எதைக் கொண்டுபோய் நடுவாள்? வேலை நின்றது. கிடங்குக்கு வரி கட்ட முடியவில்லை. கருவூலத் தலைவர் விருப்பணர் ஆள் அனுப்பினார். முதலில் அபராதம். பிறகு அபராதத்துக்கு அபராதம். அப்புறம் வீட்டுக் கதவையே கழற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அன்றைக்கு அவள் நேரே சபைக்குப் போனாள். வாய் திறப்பதற்குள் விருப்பணர் கைகாட்ட, சேவகன் அவள் காலைச் சுற்றிக் கோடு கிழித்தான்.

"வரி பாக்கி வைத்தவளுக்குச் சபையில் என்ன பேச்சு?" என்றார் விருப்பணர்.

"ஐயா, நீங்க எனக்குத் தரவேண்டியது இதைப்போல நாலு மடங்கு. கழிச்சுக்கிட்டு மீதியைக் கொடுங்க."

"அது வேறு கணக்கு, இது வேறு கணக்கு. குடிமக்கள் கட்டாவிட்டால் பாக்கி. அரண்மனை கொடுக்காவிட்டால் அது தாமதம்."

சபை கொல்லென்று சிரித்தது. பவளாயி சிரிக்கவில்லை.

"அந்தத் தாமதத்துக்கு யார் வீட்டுக் கதவைக் கழட்டறது?"

ராஜாவுக்கு இந்த வாய்ச்சண்டை பிடித்துப்போயிற்று. "அடேயப்பா, நாக்கா வாளா! பெண்ணே, சட்டம் எனக்கும் உண்டு. முடிந்தால் எனக்குக் கோடு கிழி. கிழித்துவிட்டால் உன் கூலியை அபராதத்தோடு தருகிறேன்."

"கிழிக்காட்டி?"

"நாளைச் சாயங்காலம் உன் மூங்கில், கிடங்கு எல்லாம் கருவூலத்துக்கு," என்று முந்திக்கொண்டார் விருப்பணர். "அதுவரை மூங்கிலே பிணை. போ!"

மூங்கில் போனால் பிழைப்பு போச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்: "ஆள் கோட்டுக்குள்ள இருந்தா போதும்தானே மகாராஜா?"

"போதும், போதும்," என்று ராஜா கொட்டாவி விட்டான்.

மறுநாள் பக்கத்து நாட்டு ராஜா விருந்துக்கு வருகிறான். கோளரிவர்மன் ஊர் எல்லைக்கே போய் எதிர்கொண்டு அழைக்கவேண்டும்; இல்லையென்றால் பகைதான். காலையிலிருந்தே அரண்மனை அல்லோலகல்லோலப்பட்டது. அந்த அமளியில் பவளாயி முளையும் கயிறும் சுண்ணாம்புக் கூடையுமாக வந்து மதிலோரம் நின்றாள். பந்தல்காரர்கள் கயிறு பிடித்துக் கோடு போட்டுத்தான் கால் நடுவார்கள். அது காவலர்களுக்குத் தெரிந்த சங்கதி.

"வரவேற்புப் பந்தலா தங்கச்சி?" என்று ஒரு காவலன் கயிற்று முனையைக்கூடப் பிடித்துக்கொடுத்தான்.

"கொஞ்சம் பெரிய வேலைண்ணே. நேராப் பிடிங்க."

கயிற்றையொட்டிச் சுண்ணாம்பைத் தூவியபடி மதிலைச் சுற்றி முழுக்க நடந்தாள். வாசலுக்கே திரும்பி வந்து, கோட்டின் முனையோடு முனையைச் சேர்த்துவிட்டுக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்தாள்.

மேளதாளத்தோடு பல்லக்கு வந்தது. தூக்கிகள் வெள்ளைக் கோட்டைக் கண்டதும் சட்டென்று நின்றார்கள்.

பவளாயி எழுந்தாள். "கோட்டுக்குள்ள இருக்கீங்க மகாராஜா. உங்க அரண்மனையே உள்ளதான் இருக்கு. தாண்டுங்க பார்ப்போம். தாண்டினா பல்லக்கு, கருவூலம், நாடு, மூணும் எனக்கு."

"அடி கழுதை!" என்று விருப்பணர் பாய்ந்து, கோட்டைத் தேய்க்கக் காலைத் தூக்கினார்.

"தேயுங்க ஐயா. தேய்ச்சவர் தலையிலதான் கடன்."

தூக்கிய கால் தூக்கியபடி நின்றது. கொக்குமாதிரி ஒற்றைக்காலில் ஆடிவிட்டு, மெல்ல அதை உள்பக்கமே வைத்தார்.

ராஜா பல்லக்குத் திரையை விலக்கினான். நேரமோ போகிறது. "எவ்வளவு?"

"ஐந்நூறு பொன்."

"ஒரு பந்தலுக்கா!"

"பந்தலுக்கு நூறுதான். மீதி நானூறு, நீங்க சொன்ன 'நாளைக்கு வா'வுக்கு. என் வரிக்கு என்ன வீதத்துல அபராதமோ அதே வீதம். ஒரு காசுகூடக் கூட்டலை."

"இந்த அநியாய வீதத்தைப் போட்டவன் எவன்?"

எல்லாக் கண்களும் விருப்பணர் பக்கம் திரும்பின. பவளாயி மட்டும் ராஜாவையே பார்த்தாள். "அநியாயம்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா? என் கதவைக் கழட்டினப்போ நியாயமா இருந்துதே!"

ராஜாவின் முகம் சிவந்து, பிறகு தொங்கிப்போயிற்று. பல்லக்கிலிருந்து தரையில் இறங்கினான். பொன்னை எண்ணி வைக்கச் சொன்னான். அபராதத்துக்கு அபராதம் இனி நாட்டில் யாருக்கும் கிடையாது என்றான். "விருப்பணரே, இந்த வருஷம் உமக்குச் சம்பளம் வராது. பாக்கி என்று நினைக்காதீர். தாமதம்!"

பிறகு கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி நீட்டினான். "உன் புத்திக்கு வெகுமதி."

பவளாயி கை நீட்டவில்லை. "மாலை உங்க தயவு மகாராஜா. நாளைக்கு மனசு மாறினா தயவும் மாறும். நான் கேட்டது என் கூலி. அது வந்தாச்சு." தன் வரியை அந்தப் பொன்னிலிருந்தே எண்ணி வைத்துவிட்டு, காலால் கோட்டை அழித்தாள்.

"ம், தூக்குங்கள்!" என்றான் ராஜா.

தூக்கிகள் தூக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மேளக்காரர் மேளத்தை இறக்கி வைத்தார். பூக்காரி முன்னால் வந்தாள்.

"ஏன்க்கா," என்றாள் பவளாயியிடம், "எங்க கூலியும் 'தாமதம்'தான். அந்தக் கூடையில சுண்ணாம்பு மிச்சம் இருக்கா?"

விருந்தாளி ராஜா ஊர் எல்லையில் அன்று வெகுநேரம் காத்திருந்தானாம்.