மாப்பிள்ளை ஏறிய போட்டிப் படகு

வறட்டாத்துப்பட்டிக்காரர்களுக்குப் புத்தி இல்லை என்பவர்கள் பொறாமை பிடித்தவர்கள். புத்தி நிறையவே உண்டு. எடுத்துப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊர் நாகநாதனுக்குக் கடற்கரை ஊர் ஒன்றில் பெண் அமைந்தது. பெண் பெயர் உமையாள். அவளுக்குக் கடம்பன் என்று ஒரு முறைமாப்பிள்ளை உண்டு. எதைச் சொன்னாலும் எதிர்க்கேள்வி கேட்கிறவன். நாகநாதனோ சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன். பெண் பார்க்க வந்த அன்று "உக்காருங்க" என்றவர்கள் "எந்திரிங்க" என்று சொல்ல மறந்துவிட்டதால், பொழுது சாயும்வரை உட்கார்ந்தே இருந்தான். இப்படி ஒரு புருஷன் லேசில் கிடைக்கமாட்டான் என்று உமையாள் அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

அவள் அப்பா வெள்ளைச்சாமி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அவர்கள் குடும்ப வழக்கப்படி மாப்பிள்ளை பாய்மரத்தில் வந்துதான் கரையிறங்க வேண்டும். முகூர்த்தத்துக்குள் வராவிட்டால் கடம்பன்தான் தாலி கட்டுவான். எதற்கும் இருக்கட்டும் என்று கடம்பன் பட்டுவேட்டி வாங்கி வைத்துக்கொண்டான்.

கல்யாணத்தன்று விடியும்போது நாகநாதனும், அவன் சித்தப்பா உடையப்பனும், பங்காளிகள் சாத்தையாவும் பூமிநாதனும் பெண் ஊருக்கு நேர் எதிரே இருந்த கரைக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே சவரிமுத்து என்பவரிடம் இரண்டு பாய்மரப் படகுகள் இருந்தன. ஒன்று ஒல்லி, திருவிழாப் போட்டியில் ஓடுவது. மற்றது அகலம், கூரை போட்டது, தீவு பார்க்கப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஆடி அசைந்து போவது. எது வேண்டும் என்று சவரிமுத்து கேட்டார். கேட்டிருக்கக் கூடாது.

"சுத்திப் பாக்குற படகுதான்டா நல்லது. நிழல் இருக்கு, படுக்கலாம்" என்றார் உடையப்பன்.

"படுத்துட்டா எப்படிச் சித்தப்பா சுத்திப் பாக்குறது?" என்றான் சாத்தையா.

உடையப்பன் தாடையைத் தடவினார். "அப்ப போட்டிப் படகு."

"போட்டின்னா இன்னொரு படகு வேணுமே. தனியா ஓடுனா முந்துனோமா பிந்துனோமான்னு எப்படித் தெரியும்?" என்றான் பூமிநாதன்.

நியாயமான கேள்வி. நால்வரும் மணலில் உட்கார்ந்து யோசித்தார்கள். வெயில் ஏறியது. இரண்டு படகையும் எடுத்து ஒன்றோடொன்று போட்டி விடலாம் என்று சாத்தையா சொல்லிப் பார்த்தான். ஒன்று ஜெயித்தால் ஒன்று தோற்குமே, தோற்பதும் நம்ம ஊர்தானே, மானம் போய்விடாதா என்று உடையப்பன் மறுத்துவிட்டார். உங்களுக்குப் போட்டி முகூர்த்தத்தோடுதான் என்று சவரிமுத்து தலையில் அடித்துக்கொண்டு சொன்ன பிறகே ஒல்லிப் படகு முடிவாயிற்று.

அவருக்குத் தீவுக்கு ஆள் ஏற்ற நேரமாகிவிட்டது. பாயை விரித்து, சுக்கானைக் கட்டிக் கொடுத்து, நல்ல காற்று, நேரே கொண்டுபோய்விடும் என்றார். பிறகு விதிகளைச் சொன்னார். "படகு சாஞ்சா எதிர்ப்பக்கம் போய் உக்காருங்க. வேகம் கொறஞ்சா வேண்டாத கனத்தை இறக்கிருங்க. அடியில கெடக்குற கல்லை மட்டும் தொட்டுறாதீங்க. அது இல்லேன்னா படகு கவுந்துரும்."

கரையில் கிடக்கும் எந்தப் படகும் ஒரு பக்கம் சாய்ந்துதான் கிடக்கும். நால்வரும் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார்கள். அது இந்தப் பக்கம் சாய்ந்தது. எழுந்து அந்தப் பக்கம் ஓடினார்கள். மணலிலேயே இப்படி வெகுதூரம் ஓடி வியர்த்துக் கொட்டிய பிறகு சவரிமுத்து வந்து படகைத் தண்ணீரில் தள்ளிவிட்டார்.

படகு நன்றாகத்தான் ஓடியது. எதிர்க்கரையில் பந்தல் தெரிகிற நேரத்தில் காற்று குறைந்தது, வேகமும் குறைந்தது. உடனே விதிப்படி, சீராகக் கொண்டுவந்த குத்துவிளக்கையும் பழக்கூடைகளையும் கடலில் இறக்கினார்கள். போதவில்லை. இன்னும் எது கனம் என்று மூவரும் சுற்றிப் பார்த்தார்கள். கல்யாணம் நிச்சயமான நாளிலிருந்து வீட்டுக்கு வீடு விருந்து சாப்பிட்ட நாகநாதன் நடுவில் உட்கார்ந்திருந்தான்.

"கல்லை இறக்குனா என்ன?" என்றான் பூமிநாதன்.

"தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. மாப்பிள்ளையைத் தொடக் கூடாதுன்னு சொல்லலையே" என்றான் சாத்தையா.

நாகநாதன் கண் கலங்கிவிட்டது. "என் கல்யாணத்துக்கு நானே தடையா இருக்கக் கூடாது சித்தப்பா. இறக்கிருங்க."

வழியில் இருந்த மணல்திட்டில் அவனை மாலையோடு மரியாதையாக இறக்கினார்கள். துடுப்பும் கனம்தான் என்று அதையும் அவன் கையில் கொடுத்தார்கள். படகு பறந்தது. முகூர்த்தத்துக்கு முன்பே கரை சேர்ந்துவிட்டது. மேளம் முழங்கியது. வெள்ளைச்சாமி படகுக்குள் எட்டிப் பார்த்தார், பிறகு படகுக்கு அடியிலும் பார்த்தார்.

"மாப்பிள்ளை எங்கய்யா?"

"அவன் கனம் சம்பந்தி. கல்லு பூராவும் பத்திரமா வந்துருச்சு" என்றார் உடையப்பன்.

கடம்பன் பட்டுவேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு மணவறைப் பக்கம் நகர்ந்தான். உமையாள் அதைப் பார்த்துவிட்டாள். ஓடி வந்து கரையில் நின்று, திட்டிலிருந்து இங்கே வரை முழங்கால் தண்ணீர்தான், நடந்தே வாங்க என்று கத்தினாள். நாகநாதன் தலையை ஆட்டி மறுத்தான். பாய்மரத்தில் வரவேண்டும் என்பதல்லவா பேச்சு! அவன் அங்கவஸ்திரத்தைத் துடுப்பில் கட்டி, இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, காற்று அடித்தபோது நடந்தான். காற்று நின்றபோது நின்றான்.

கரைக்குச் சற்று முன்னால் காற்று ஒரேயடியாக நின்றுவிட்டது. கணுக்கால் தண்ணீரில் அவனும் நின்றுவிட்டான். நேரம் போகிறது, வாங்க மாப்பிள்ளை என்று வெள்ளைச்சாமி கெஞ்சினார்.

"காத்து வரட்டும் மாமா."

உடையப்பனுக்கு யோசனை வந்தது. பந்தலில் இருந்த விசிறிகளை எல்லாருக்கும் கொடுத்து, கரையில் வரிசையாக நின்று மாப்பிள்ளையைப் பார்த்து வீசச் சொன்னார். பூசாரியும் வீசினார். எதிர்க்காற்று அடித்ததும் நாகநாதன் ஒவ்வோர் அடியாகப் பின்னால் போகத் தொடங்கினான். கைவலிக்க வீசினார்கள். அவன் இன்னும் வேகமாகப் போனான்.

உமையாள் ஒரு விசிறியைப் பிடுங்கினாள். கூறைப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, சுற்றிப்போய் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று வீசினாள். அவன் திரும்பி வந்தான். கரையேறினான். பந்தலுக்குள் நுழைந்தான். மணவறை முன்னால் அவள் விசிறியை நிறுத்தியதும் நின்றான். கடம்பன் வாயைத் திறப்பதற்குள் துடுப்பைத் தோளில் சாத்திக்கொண்டு தாலியைக் கட்டினான். எல்லார் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது.

"பந்தி தயார். மாப்பிள்ளை சாப்பிட வாங்க" என்றார் வெள்ளைச்சாமி.

நாகநாதன் நின்ற இடத்திலேயே நின்றான். உமையாள் ஒரு பெருமூச்சு விட்டு, விசிறியைக் கையில் எடுத்துக்கொண்டு அவன் பின்னால் போனாள்.