ஏகாதசி இருந்த முயல்

ஒரு ஊர்ல ஒரு முயலு இருந்துச்சு. ராஜா கிடையாது, சிங்கம் கிடையாது, நரியும் கிடையாது. முயலு மட்டுந்தான். பேரு சுண்டு. அரிசி அளக்கிற சுண்டுப்படிக்குள்ள அடங்குற அளவுக்குத்தான் இருந்துச்சாம் வீட்டுக்கு வந்தப்போ, அதான் அந்தப் பேரு. வெள்ளையும் இல்லாம பழுப்பும் இல்லாம, சரியா வெளுக்காத வேட்டி நெறம். எங்க, ம் கொட்டு பாப்போம். கொட்டலன்னா இங்கயே நிறுத்திடுவேன்.

ம். அப்படித்தான்.

அந்தச் சுண்டுவ வளத்தவ பேரு செங்கமலம். கல்யாணமாகி ஆறு மாசந்தான் ஆச்சு. அவ வீட்டுக்காரரு சௌரி, பெருமாள் கோயிலுக்கு மாலை கட்டிக் குடுக்கிறவரு. விடிஞ்சதும் கோயிலுக்குப் போனா சாயங்காலந்தான் வருவாரு. வீட்ல மாமியாரும் மருமகளுந்தான். மாமியார் பேரு வகுளாம்மா. நல்லவங்கதான், ஆனா அவங்க சொன்னா சொன்னதுதான். ரசத்துல உப்புப் போதுமான்னு கூட மருமகள ஒரு வார்த்த கேக்க மாட்டாங்க. பாவம், செங்கமலம் வாயத் தொறந்து பேசறதே அந்த முயலு கிட்டதான். பொறந்த வீட்லேந்து கூடையில வச்சு மடியிலயே கொண்டாந்தா அத.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம். சுண்டு மூலையில உக்காந்துருக்கு. கண்ணு முழிச்சபடி இருக்கு, ஆனா அசையல. செங்கமலம் கூப்புட்டுப் பாத்தா. ம்ஹூம். கண்ணுக்கு முன்னாடி கைய ஆட்டிப் பாத்தா. ம்ஹூம், இமை கூட அசையல. போச்சு, செத்துப்போச்சுன்னு லபோதிபோனு கத்திட்டா. தெருவே ஓடி வந்துருச்சு. வந்த கூட்டத்துல யாரோ கால் இடிச்சு சொம்பு உருண்டுச்சு, டணார்! சுண்டு எகிறிக் குதிச்சு அலமாரிக்கு அடியில ஓடிப்போச்சு.

அது தூங்கிட்டு இருந்துருக்கு. முயலுங்க அப்படித்தான், கண்ணு முழிச்சபடியே தூங்கும். எப்ப எது புடிக்க வருமோன்னு அதுங்களுக்குப் பயம்.

எல்லாரும் வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. வகுளாம்மா மட்டும் சிரிக்கல. அந்தத் தெருவுல எல்லார் வீட்லயும் ஏகாதசி இருப்பாங்க. ஏகாதசின்னா என்னன்னு தெரியுமா? மாசத்துல ரெண்டு நாளு, பச்சத்தண்ணியத் தவிர ஒண்ணும் தொட மாட்டாங்க. வைகுண்ட ஏகாதசின்னா ராவெல்லாம் தூங்கவும் மாட்டாங்க. அதனால வகுளாம்மா என்ன சொன்னாங்கன்னா, "நாம வருஷத்துக்கு ஒரு நாள் கண்ணு முழிக்கிறோம். இது தெனமும் முழிக்குது. இது சாதாரண முயலு இல்ல." அன்னியிலேந்து அவங்களுக்கு அந்த முயலு மேல ஒரு இது. போறப்ப வரப்பல்லாம் ஒரு பார்வை பாத்துக்குவாங்க.

தூங்கிட்டியா? ம், சரி.

அப்புறம் ஒரு மாசம் கழிச்சு, சுண்டுவுக்கு என்ன குஷி வந்துச்சோ, முத்தத்துல தடதடதடன்னு மூணு சுத்து ஓடுச்சு. எகிறி ஒரு குதி. அப்படியே பொத்துன்னு பக்கவாட்டுல விழுந்துச்சு. காலு வெடுக்கு வெடுக்குன்னு இழுக்குது. ஒதடு துடிக்குது. செங்கமலம் பாத்துட்டா. வாரித் தூக்கினா, ஒரு கால்ல அவ செருப்பு, இன்னொரு கால்ல மாமியார் செருப்பு, ஒரே ஓட்டமா மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினா. அங்க போய்ச் சேந்தா, சுண்டு அவ சடையில இருந்த பூவ எட்டிப் புடிச்சு நறுக் நறுக்குன்னு தின்னுட்டு இருக்கு.

அங்க இருந்த டாக்டரம்மா சிரிச்சாங்க. சிரிச்சுட்டு, உக்கார வச்சு நல்லாவும் சொல்லிக் குடுத்தாங்க. பொத்துன்னு விழுந்து படுத்தா அதுக்கு உன் வீடு புடிச்சிருக்குன்னு அர்த்தம், காலும் ஒதடும் துடிச்சா கனாக் காணுதுன்னு அர்த்தம், அதுக்கெல்லாம் பயப்படாதன்னு சொன்னாங்க. அப்புறம் விரல நீட்டி ஒண்ணு சொன்னாங்க பாரு, "தூங்கறத மட்டும் பாத்து முடிவு பண்ணாத. தட்டப் பாரு, புழுக்கையப் பாரு. ஒரு வேளை முழுக்கத் தின்னாம, புழுக்கையும் போடாம உக்காந்துருந்தா, அன்னிக்கு மட்டும் ஒரு நிமிஷம் நிக்காம ஓடி வா."

நீ சிரிக்காத. புழுக்கைன்னா சிரிப்பு வருதோ? அந்தப் புழுக்கையிலதான் கதையே இருக்கு.

வீட்டுக்கு வந்தா வகுளாம்மா வாசல்லயே நிக்கிறாங்க. ஒத்தச் செருப்போட. தெருவுல தலை காட்ட முடியலங்கிறாங்க, தூங்குற முயலத் தூக்கிட்டு ஓடுனவ மாமியாருன்னு என்னப் பாத்துச் சிரிக்கிறாங்கங்கிறாங்க. கடைசியா, இனிமே அந்த முயலுக்கு ஒண்ணுன்னு எங்கிட்ட வந்து நிக்காதன்னுட்டு உள்ள போயிட்டாங்க. ஆனா செங்கமலம் மறுநாள்லேந்து காலையில பெருக்கறப்போ புழுக்கைய எண்ணிப் பாத்துட்டுத்தான் கூட்டித் தள்ளுவா. உருண்டு திரண்டு மொளகாட்டம் இருக்கணும். இருந்துச்சுன்னா அப்பாடான்னு இருக்கும் அவளுக்கு.

அப்போ ஒரு ஏகாதசி வந்துச்சு.

காலையில செங்கமலம் தொடப்பத்த எடுத்துக்கிட்டுப் போனா, பெருக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. தரை பளிச்சுன்னு கிடக்கு. வச்ச புல்லு வச்சபடி இருக்கு. சுண்டு மூலையில முதுகக் கூனிக்கிட்டு, உருண்டையா உக்காந்துருக்கு. கண்ணு பாதி மூடியிருக்கு. காதத் தொட்டுப் பாத்தா, சில்லுன்னு இருக்கு. கிட்டக் காத வச்சுக் கேட்டா பல்லக் கடிக்குது. நறநறநறன்னு.

டாக்டரம்மா விரல நீட்டிச் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்துச்சு.

அதுக்குள்ள வகுளாம்மா வந்து பாத்தாங்க. புல்லு அப்படியே இருக்கு, முயலு கண்ண மூடி உக்காந்துருக்கு. கையெடுத்துக் கும்பிட்டுட்டாங்க. "பாத்தியா, ஏகாதசி இருக்குது!"

அவ்வளவுதான். தெரு முழுக்கப் பரவிப்போச்சு. ஒருத்தங்க துளசி கொண்டாந்து அது முன்னாடி வச்சாங்க. ஒருத்தங்க வெளக்கேத்துனாங்க. இன்னொருத்தங்க நெத்தியில நாமம் வேற போட்டு விட்டாங்க. போன ஜென்மத்துல ஆழ்வாரடியாரா இருந்துருக்கும்னு ஒரு பேச்சு. மனுஷங்களே பத்து மணிக்குப் பசி தாங்காம முணுமுணுக்கிறாங்க, இது பாருங்க எப்படி தியானம் பண்ணுதுன்னு ஒரு பேச்சு. அவங்க எல்லாரும் நல்ல மனசோடதான் சொன்னாங்க. ஆனா ஒருத்தர் கூட அதோட காதத் தொட்டுப் பாக்கல.

செங்கமலம் சொல்லிப் பாத்தா. இது விரதம் இல்ல, இதுக்கு வயித்துல என்னமோன்னா. யாரு கேக்கிறா? ரெண்டு தடவ கத்துனவதானேன்னு சிரிச்சாங்க. மூணாவது தடவையும் கத்துவா, கேட்டுட்டுப் போங்கன்னாங்க. அவளுக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. கொஞ்ச நேரம் அவளுக்கே சந்தேகம் வந்துருச்சு, நாமதான் திரும்பவும் முட்டாளாகுறோமோன்னு. அப்புறம் தரையப் பாத்தா. தரையில ஒண்ணும் இல்ல. அது பொய் சொல்லாதுல்ல?

அவ கண்ணத் தொடச்சுக்கிட்டா. பூக்கூடைய எடுத்தா. துணிய விரிச்சா. துளசியத் தள்ளி வச்சுட்டு சுண்டுவத் தூக்கி உள்ள வச்சா.

வாசப்படியில வகுளாம்மா குறுக்க நின்னாங்க. டாக்டரு மருந்து ஊத்துவாங்க, தீனி குடுப்பாங்க, விரதம் முறிஞ்சுபோகும், ஏகாதசி அன்னிக்கு ஒரு ஜீவனோட விரதத்த முறிக்கிறது எவ்வளவு பெரிய பாவம்னு தெரியுமான்னு கேட்டாங்க.

அந்த வீட்டுக்கு வந்ததுலேந்து மாமியாரு மூஞ்சிய நேராப் பாத்து அவ பேசுனது அன்னிக்குத்தான்.

"பாவம் எந்தலையில விடியட்டும் அத்தை. எனக்கு இது உசுரோட வேணும். வழிய விடுங்க."

கத்தல, அழல. சொல்லிட்டு ஒருக்களிச்சு அவங்களத் தாண்டிப் போயிட்டா. வெயில் கொளுத்துது. ஷேர் ஆட்டோவுல கூடைய மடியில வச்சுக்கிட்டு, சில்லுன்னு இருந்த காத ரெண்டு உள்ளங்கைக்குள்ளயும் பொத்திக்கிட்டே போனா.

ம். முழிச்சிருக்கியா? இப்பத்தான் முக்கியமான எடம்.

டாக்டரம்மா வயித்தத் தொட்டுப் பாத்தாங்க. இந்தத் தடவ சிரிக்கல. வயிறு மத்தளமாட்டம் இருக்கு, கொடலு ஓடாம நின்னுபோச்சு, வலியிலதான் இப்படிக் கூனி உக்காந்துருக்கு, தூக்கமும் இல்ல தியானமும் இல்லன்னாங்க. முயலுக்கு வயிறு காலியாவே இருக்கக்கூடாது, நாளைக்குப் பாக்கலாம்னு விட்டுருந்தா நாளைக்கு முயலு இருந்துருக்காதுன்னாங்க. சர்சர்ருன்னு ஊசி போட்டாங்க, தோலுக்கடியில தண்ணி ஏத்துனாங்க. நேத்து என்ன குடுத்தன்னு கேட்டாங்க. தெனமும் குடுக்கிற புல்லுதான், வேற ஒண்ணும் குடுக்கலயேன்னு செங்கமலம் சொன்னா.

அப்போ பின்னாடிலேந்து ஒரு கொரல்.

"நான் குடுத்தேன்."

யாரு? வகுளாம்மா! மருமகளத் திட்டிக் கூட்டிட்டு வரணும்னு அடுத்த ஆட்டோவப் புடிச்சுப் பின்னாடியே வந்துருக்காங்க. வந்தவங்க வாசல்ல நின்னு எல்லாத்தையும் கேட்டுட்டாங்க. கதவப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. நாளைக்கு ஏகாதசி, வீட்ல அடுப்பு மூட்ட மாட்டோமே, இதுவும் பட்டினி கிடக்குமேன்னு, நேத்து சாயங்காலம் கோயில்லேந்து வந்த சக்கரப்பொங்கல்ல ரெண்டு உருண்டை குடுத்தேன், நெய்யும் முந்திரியுமா ஆசையாத் தின்னுச்சுன்னு சொன்னாங்க. சொல்லிட்டு, நாந்தான் அதக் கொன்னுட்டேனான்னு டாக்டரம்மாவக் கேட்டாங்க.

இன்னும் இல்ல, ஆனா முயலு வயித்துக்குப் புல்லும் தழையுந்தான், பொங்கலும் நெய்யும் வெஷம்னு அந்தம்மா சொன்னாங்க. புல்ல அரச்சுக் கரச்சு, ஊசி இல்லாத சிரிஞ்சுல அடைச்சு, ரெண்டு மணிக்கொரு தடவ கடவாயில கொஞ்சங் கொஞ்சமா விடணும். வயித்த மெதுவா நீவி விடணும். புழுக்கை போட்டாத்தான் பொழைச்சுதுன்னு அர்த்தம்.

அப்புறம் வீட்ல நடந்தத நீ பாத்துருக்கணும். அடுப்பு மூட்டாத வீட்ல அம்மி ஓடுது, கடகடகடன்னு. புல்லு அரைக்கிறாங்க வகுளாம்மா. அவங்க வாயில ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. செங்கமலம் சுண்டுவ மடியில போட்டு ஊட்டுறா. சுண்டு துப்புது, அவ தொடைக்கிறா. திரும்ப ஊட்டுறா, திரும்பத் துப்புது. நீ எத்தன தடவ வேணா துப்பு, நான் எந்திரிக்கப் போறதில்லன்னு அது கிட்டயே சொன்னா. காலையில கும்பிட்டுப் போன தெரு முழுக்க இப்போ வாசல்ல நிக்குது. எதுக்கு? புழுக்கைக்கு! போட்டுச்சா, போட்டுச்சான்னு அஞ்சு நிமிஷத்துக்கு ஒருத்தரு எட்டிப் பாக்கிறாங்க.

வெளக்கேத்துற நேரத்துல ஒண்ணு விழுந்துச்சு. கடுகாட்டம், குட்டியூண்டு. அப்புறம் இன்னொண்ணு. சௌரி மாலை கட்டி முடிச்சு வீட்டுக்கு வராரு, வந்தா பெத்த அம்மாவும் பொண்டாட்டியும் தரையில குந்தி உக்காந்து முயல் புழுக்கையப் பாத்து அழுதுட்டு இருக்காங்க. அவருக்கு ஒண்ணுமே புரியல, பாவம்.

ஆனா கதை இன்னும் முடியல. புழுக்கை வந்துச்சே தவிர, சுண்டு தானா வாயத் தொறந்து ஒரு எலையக் கூடத் தின்னல.

மறுநாள் துவாதசி. பட்டினி கிடந்தவங்க எல்லாரும் காலையிலேயே குளிச்சு, அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சமைச்சு விரதத்த முடிப்பாங்க. அதுக்கு ஒரு நேரம் உண்டு, தாண்டக்கூடாது. எல்லா வீட்லயும் எல போட்டாச்சு. இந்த வீட்லயும் செங்கமலம் எல போட்டுக் கீரையப் பரிமாறிட்டா. அத்தை வாங்கன்னு கூப்புட்டா. வகுளாம்மா வரல. சமைக்காம மீந்துருந்த அகத்திக்கொத்துல ஒரு ஈர்க்க ஒடிச்சு எடுத்துக்கிட்டுப் போயி, சுண்டு முன்னாடி சம்மணம் போட்டு உக்காந்துட்டாங்க. கைய நீட்டிக்கிட்டு.

சுண்டு மோந்து பாத்துச்சு. மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. அவங்க கைய எடுக்கல.

நேரம் ஆகுதும்மான்னு மகன் வந்து சொன்னாரு. பக்கத்து வீட்டுக்காரங்க வந்து, நாப்பது வருஷமா ஒரு தடவ கூட நேரம் தாண்டுனதில்லையே நீங்கன்னாங்க. ஒண்ணரை நாளாச் சாப்புடாத ஒடம்பு, கை கிடுகிடுன்னு ஆடுது, எலையும் சேந்து ஆடுது. செங்கமலம் பக்கத்துல உக்காந்து, போதும் அத்தை, நான் பாத்துக்கிறேன், நீங்க சாப்புடுங்கன்னா.

"நீ நேத்து ஒத்தையா நின்னல்ல? இன்னிக்கு நான் நிக்கிறேன். இது தின்னாம நான் எலையில உக்கார மாட்டேன், நேரம் போனா போகட்டும்."

செங்கமலம் இன்னும் கிட்ட நகந்தா. ஆடுற அந்தக் கைக்கு அடியில தன் கையக் குடுத்துத் தாங்கிக்கிட்டா. அப்படியே ரெண்டு பேரும் உக்காந்துருந்தாங்க. வெயில் முத்தத்துல எறங்கிடுச்சு. பக்கத்து வீடுகள்ல எல எடுத்தாச்சு.

அப்போ சுண்டு மூக்க ஆட்டுச்சு. கழுத்த நீட்டுச்சு. ஒரே ஒரு எலை, நுனியில இருந்தது. நறுக்.

அப்புறம் நறுக், நறுக், நறுக்குன்னு ஈர்க்கு மொட்டையாகுற வரைக்கும்.

வகுளாம்மா எந்திரிச்சு மொகத்தக் கழுவிட்டு எலை முன்னாடி வந்தாங்க. உக்காரல. மருமகளுக்கு ஒரு எலையப் பக்கத்துல போட்டு, அவ கையப் புடிச்சு மொதல்ல அவள உக்கார வச்சாங்க. வச்சுட்டு, "கீரையில உப்புப் போதுமா பாரும்மா"ன்னு கேட்டாங்க.

முயலும் சாப்புட்டாச்சு, அவங்களும் சாப்புட்டாச்சு, கதையும் ஆச்சு. ம் கூட வர மாட்டேங்குதே... சரி, தூங்கு.