ஒரு சொம்புத் தண்ணீரும் கட்டிலடி மூட்டையும்

கதையை முழுதாகக் கேளுங்கள்; நடுவிலேயே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். கோர்ட் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்தே இடுப்பு போன வக்கீல் குமாஸ்தா நான். பாதிக் கதையில் தீர்ப்புச் சொல்கிறவர்களைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

சில வருஷத்துக்கு முன்னால், காவிரிக்குத் தெற்கே ஓர் ஊர். பேர் வேண்டாம். அங்கே வயல் மோட்டார்களின் ஒயரை யாரோ வரிசையாக அறுத்துக்கொண்டு போனார்கள், உள்ளே இருக்கிற செம்புக்காக. ஒயர் போனால் மோட்டார் ஓடாது. பயிர் கருக ஆரம்பித்தது. விவசாயிகள் தினமும் ஸ்டேஷன் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். எஸ்.ஐ. தர்மசீலன் நிம்மதியாகத் தூங்கி நாளாகியிருந்தது. கெட்ட மனிதர் இல்லை அவர். அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய இரும்புக் கடையில் வேலை செய்யும் இளவழகன் மேல் சந்தேகம் என்று யாரோ சொன்னார்கள். எஸ்.ஐ., ஏட்டம்மா ரெஜினா மேரியைக் கூட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனார். கையில் கோர்ட் உத்தரவு இல்லை. அவசரம் என்றால் உத்தரவு இல்லாமலும் சோதனை போடச் சட்டம் விடுகிறது. ஆனால் என்ன காரணம் என்று முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும்; அக்கம்பக்கத்தில் இரண்டு பேரைச் சாட்சிக்கு நிறுத்த வேண்டும். எஸ்.ஐ. எதுவும் எழுதவில்லை. போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

கதவைத் திறந்தது இளவழகனின் அம்மா பவளக்கொடி. கரண்ட் கணக்கெடுக்க வருகிறவரானாலும் ஓட்டுக் கேட்க வருகிறவரானாலும், வாசலில் நிற்கிறவர்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத்தான் அவளுக்குப் பழக்கம்.

"வாங்க சார், உள்ள வாங்க. உக்காருங்க" என்றாள்.

ஏட்டம்மா வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். எஸ்.ஐ. வயல் சேற்றோடு பூட்ஸ் காலுடனேயே வந்தார். பவளக்கொடி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இருவரும் குடித்தார்கள். சொம்பைக் கீழே வைத்த எஸ்.ஐ. எழுந்து நேரே உள் அறைப் பக்கம் நடந்தார்.

ஏட்டம்மா மெல்லச் சொன்னார்: "சார், பக்கத்து வீட்ல ஆள் இருக்காங்க. ரெண்டு பேரக் கூப்பிட்டுக்கலாமே."

"அந்தம்மாவே உள்ள கூப்பிட்டாச்சு, தண்ணியும் குடுத்தாச்சு. இன்னும் என்னம்மா?"

ஏட்டம்மா உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். பவளக்கொடி சொம்பை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போயிருந்தாள். எஸ்.ஐ. தனியாகப் போய் பீரோவைக் குடைந்தார், கட்டிலடியில் குனிந்தார். திரும்பி வரும்போது கையில் ஒரு மூட்டை, உள்ளே செம்புக் கம்பி. அந்த அறைக்குக் கொல்லைப் பக்கம் ஒரு கதவு உண்டு. அதன் தாழ்ப்பாள் உடைந்து வெகுநாளாகிறது.

இளவழகனை அன்றே பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் திருடினானா இல்லையா என்று எனக்குத் தெரியாது. வழக்கில் அந்த மூட்டையைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது.

விசாரணையில் எஸ்.ஐ. சொன்னது ஒன்றே: "வீட்டுக்காரம்மா சம்மதத்தோடுதான் உள்ளே போனோம்." ஏட்டம்மா தான் கண்டதை மட்டும் சொன்னார்: "நான் ஹாலில் இருந்தேன். மூட்டை எங்கே இருந்தது என்று பார்க்கவில்லை."

அடுத்து பவளக்கொடியின் முறை. கூண்டேறுமுன், இளவழகனுக்காக வாதாடிய எங்கள் வக்கீல் அவளை வராந்தாவுக்குத் தனியே அழைத்தார்.

"கூப்பிடலைன்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா. பையன் வீட்டுக்கு வந்துடுவான்."

"கூப்பிட்டேனே சார்" என்றாள்.

கூண்டில் நின்றும் அதையே சொன்னாள். "கூப்பிட்டேன், தண்ணி குடுத்தேன். ஏட்டம்மா ஷூவ வாசல்ல விட்டாங்க. சார் பூட்ஸோட வந்தாரு. அவங்க போனப்புறம் சேத்தக் கழுவி விட்டேன்." இறங்கி வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். "என் வாயாலயே புள்ளைய உள்ள தள்ளிட்டேனே" என்றாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். கருகும் பயிருக்காக உள்ளே போன எஸ்.ஐ., சொல்லிப் பார்த்துவிட்டு நாற்காலியிலேயே இருந்த ஏட்டம்மா, பிள்ளைக்காகக்கூடப் பொய் சொல்லாத பவளக்கொடி: இந்த மூவரில் யார் செய்தது சரி?

பதில்: பவளக்கொடி செய்ததுதான் சரி. அவள் பிள்ளையைக் காப்பாற்றியதும் அந்த உண்மைதான். அவள் சொன்னதையே மாஜிஸ்திரேட் எடுத்துக்கொண்டார்: விருந்தாளி என்றால் வாசலில் காலணியைக் கழற்றியிருப்பார். கழற்றினாலும் பீரோவைத் திறக்கமாட்டார். பூட்ஸோடு நுழைந்தவர் அரசாங்கமாகத்தான் நுழைந்தார். வீட்டுக்குள் ஒருவர் நிம்மதியாக இருப்பதை அரசியல் சட்டத்தின் இருபத்தொன்றாம் பிரிவு காக்கிறது. அதைத் தாண்ட அரசாங்கம் தன் காரணத்தைத் தானே கொண்டுவர வேண்டும், அடுத்தவர் வீட்டுத் தண்ணீரைக் காரணமாகக் காட்டக் கூடாது என்றார். முறைதவறிய சோதனையில் கிடைத்தது என்பதற்காக மட்டும் ஒரு பொருளை நம் கோர்ட்டுகள் தூக்கி எறிந்துவிடுவதில்லை, சந்தேகத்தோடு பார்க்கும். அந்த மூட்டையோ, கொல்லை வழியாக யார் வேண்டுமானாலும் நுழையக்கூடிய, தாழ்ப்பாள் உடைந்த அறையில், ஒரே ஒருவர் கண்ணில் பட்டது. பையனை விட்டுவிட்டார்கள். ஏட்டம்மா செய்தது பாதிதான் சரி. சொன்னவர் எழுந்து போய் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்கலாம். எஸ்.ஐ. அதைச் செய்திருந்தால் மூட்டைக்குச் சாட்சி இருந்திருக்கும்; பயிர் கருகியவர்களுக்கும் உண்மையில் திருடியவன் யார் என்று தெரிந்திருக்கலாம். இன்றுவரை தெரியவில்லை.

போன மாசம் அந்தப் பக்கம் போனவன் அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன். பவளக்கொடிதான் திறந்தாள். முதலில் என் காலைப் பார்த்தாள். நான் செருப்பைக் கழற்றும் வரைக்கும் பேசாமல் நின்றுவிட்டு, பிறகுதான் "வாங்க" என்றாள்.