பதில் வராத பதினேழு இலைகள்

மருதங்காட்டில் தும்பை என்றொரு இளம் முயல் இருந்தது. அதன் வளையிலிருந்து படிக்கப் போன முதல் முயல் அதுதான். மரங்கொத்தி நடத்திய தரவு அறிவியல் வகுப்பில் ஓராண்டு படித்து, மரப்பட்டையில் கொத்திய சான்றிதழோடு திரும்பி வந்தது.

அம்மா முயல் அந்தப் பட்டையைத் தூக்கிக்கொண்டு காடு முழுக்க அலைந்தது. “எம் பொண்ணு தரவு படிச்சிருக்கா!”

“தரவுன்னா என்ன?” என்று கேட்டது முள்ளம்பன்றி.

“அது எனக்கெப்படித் தெரியும்? அதுக்குத்தானே அவளைப் படிக்க வச்சேன்!”

அந்தக் கோடையில் குட்டைகளெல்லாம் வற்றிப்போயின. அரை நாள் நடந்தால் ஓர் ஓடை உண்டு. பக்கத்திலேயே ஏரி இருந்தது. ஆனால் அதில் ஒரு முதலை இருந்தது.

தலைவர் கரடி தும்பையை அழைத்தது. “ஏரியில குடிக்கலாமா, கூடாதா? படிச்ச நீதாம்மா சொல்லணும்.”

தும்பைக்கு ஒரே கவலை. தப்பாகச் சொன்னால் சான்றிதழின் மானம் போய்விடுமே! வகுப்புக் குறிப்பை வரி விடாமல் பின்பற்றியது. ஏரிக்குப் போனவர்களின் பட்டியலைக் கரடியிடம் வாங்கியது. மொத்தம் அறுபது பேர். ஆளுக்கொரு இலை அனுப்பியது. எல்லா இலையிலும் ஒரே கேள்வி: ‘முதலை உங்களைத் தின்றதா?’

தபால்கார அணில் இலைகளைக் கொண்டுபோய், மூன்றாம் நாள் திருப்பிக் கொண்டுவந்தது. நாற்பத்து மூன்று இலைகளில் ‘இல்லை’ என்று இருந்தது. பதினேழு இலைகள் காலி.

‘காலியானவற்றை நீக்கிவிட்டுக் கணக்கிடு’ என்றது குறிப்பு. தும்பை நீக்கிவிட்டது.

ஏரிக்கரையில் எல்லோரும் கூடினார்கள். தும்பை தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவித்தது: “பதில் தந்தவர்களில் நூற்றுக்கு நூறு பேரையும் முதலை தின்னவில்லை. ஏரி பாதுகாப்பானது!”

ஒரே ஆரவாரம்! தண்ணீரிலிருந்து தலையை நீட்டிய முதலை கண்ணைத் துடைத்துக்கொண்டது. “என்னைப் புரிஞ்சுகிட்ட முதல் ஆய்வு இதுதாம்மா!”

“எம் பொண்ணு போட்ட கணக்கு! மொதல்ல நான்தான் குடிப்பேன்!” அம்மா முயல் சான்றிதழைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு துறையில் இறங்கியது.

அப்போது அணில் முனகியது. “ஏம்மா தும்பை, அந்தக் காலி இலைகளை என்ன செய்ய? பதினேழு வீட்டுக்கும் மூணு தடவை ஏறி இறங்கி என் வாலே தேஞ்சு போச்சு. ஒரு வீட்லயும் ஆளில்லை.”

“எங்கே போனாங்களாம்?”

“ஏரிக்குத் தண்ணி குடிக்கப் போனவங்க இன்னும் வரலையாம். அக்கம்பக்கத்துல சொன்னாங்க.”

தும்பை சட்டென்று துறைப் பக்கம் திரும்பியது. காடே பார்த்துக்கொண்டிருந்தது. அம்மாவின் மீசை தண்ணீரைத் தொட்டுவிட்டது.

“அம்மா! வெளியே வா! என் கணக்கு தப்பு!”

“நூற்றுக்கு நூறுன்னு சொல்லிட்டு இப்ப மாத்தலாமா?” என்று சீறியது முதலை. “படிச்சவ பேசுற பேச்சா இது?”

“பதினேழு பேரை விட்டுட்டேன்! அவங்க உங்க வயித்துல இருக்காங்க!”

அம்மா முயல் ஒரே தாவலில் கரையேறியது. ‘டப்’பென்று மூடிய முதலையின் வாயில் அகப்பட்டது சான்றிதழ் மட்டும்தான்.

மறுநாள் எல்லோரும் ஓடைக்கு நடந்தார்கள்.

“ஒரு வருஷப் படிப்பு போச்சே!” என்று வழியெல்லாம் புலம்பியது அம்மா.

“பட்டைதாம்மா போச்சு,” என்றது தும்பை.

முள்ளம்பன்றி விடவில்லை. “இப்பவாவது சொல்லு, தரவுன்னா என்ன?”

“முதலை வயித்துல இருக்கறவங்களையும் சேத்து எண்ணுறது!” என்றது அம்மா முயல், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

பதில் சொன்னவர்களை மட்டும் எண்ணாமல், சொல்ல முடியாமல் போனவர்களையும் எண்ணித்தான் முடிவு சொல்ல வேண்டும். சொன்ன முடிவு தவறென்று தெரிந்தால், ஊர் பார்க்கிறதே என்று தயங்காமல் அப்போதே உரக்கச் சொல்ல வேண்டும்.