தென்னந்தோப்பும் மசோதாவும்

"அம்மா, மரத்தை வெட்டறதுக்கு முன்னால ஏதாச்சும் பரிகாரம் பண்ணோணுங்களா?"

காளியண்ணன் கேட்டார். வயது அறுபதைத் தாண்டியவர். மலையடி மடத்துத் தவமணி அம்மா அவரைவிட இருபது வயது இளையவர். அவர்தான் இவருக்குக் குரு.

"எந்த மரம்?"

"தென்னைங்க. தோப்பு முச்சூடும். நாளைக்குக் காலையில ஆளுக வர்றாங்க."

"நோயா?"

"மரத்துக்கு ஒண்ணுமில்லீங்க. புதுசா கரண்டுச் சட்டம் வருதாம். கெணத்து மோட்டாருக்கு இலவச கரண்டு அத்தோட சரி. தண்ணியில்லாம அதுக கண்ணு முன்னால காஞ்சு நிக்கறதைப் பாக்க என்னால ஆகாது. இப்பவே செங்கச் சூளைக்கு வெறகாப் போகட்டும்."

பாவம், மனுஷன் நாலு நாளாகத் தூங்கவில்லை.

"யார் சொன்னது?"

"ஊரே சொல்லுதுங்க."

"சட்டம் என்ன சொல்லுது?"

"அதை நான் எங்கீங்க பாத்தேன்?"

"கீழே ஜெராக்ஸ் கடையில கேளுங்க. நெட்டுல இருந்து மசோதாவை எடுத்துக் குடுப்பாங்க. தமிழ்லயே இருக்கும்."

போனார். ஒரு கட்டுக் காகிதத்தோடு மூச்சிரைக்க வந்தார்.

"நீங்களே படிச்சுச் சொல்லிப்போடுங்கம்மா. உங்க வார்த்தை போதும் எனக்கு."

"ஊர் வார்த்தையும் போதும்னுதானே ஆளைக் கூப்பிட்டீங்க?"

அம்மா பெஞ்சை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டார்.

காளியண்ணன் விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். சட்டம் எழுதுகிறவர்களுக்கு ஒரு வாக்கியத்தை முடிக்க மனசே வராது போலிருக்கிறது. தலை சுற்றியது. ஓரிடத்தில் விரல் நின்றது.

"எல்லா இணைப்புக்கும் மீட்டர் வைக்கோணுமாம். போச்சு, போங்க. ஊர் சொன்னது சரிதான்."

எழுந்துவிட்டார்.

"அடுத்த வரி?"

நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்தார். இன்னொரு தடவை, சத்தமாகப் படித்தார்.

"பாசன இணைப்புகளுக்கு நடப்பிலுள்ள கட்டண விலக்கு இப்பிரிவினால் பாதிக்கப்படாது."

துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். வெட்கமே இல்லாமல் அழுதார். அழுது முடித்ததும் போனை எடுத்தார். வெட்டுகிற ஆளை வரவேண்டாம் என்றார். இரண்டு தரம் சொன்னார்.

"அத்தனையும் புரளிங்கம்மா. நாசமாப் போனவனுக, என்னமாப் பயப்படுத்திப்போட்டானுக! இருங்க, ஊருக்குச் சொல்லிப்போட்டு வந்தர்றேன்."

காகிதக் கட்டு பெஞ்சிலேயே கிடந்தது. பாதிக்குமேல் புரட்டவே இல்லை.

"மீதி?"

"நம்மளுக்கு வேணுங்கறதுதான் கெடைச்சிருச்சுங்களே."

"ஊருக்கு என்ன சொல்லப் போறீங்க?"

"சட்டத்துல ஒண்ணுமில்ல, பயப்படாதீங்கன்னுதான்."

அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க" என்றார் அம்மா. "உங்களை நம்பி நாளைக்கு எவனாவது தென்னங்கன்னு வைப்பான்."

காளியண்ணன் செருப்பைக் கழற்றினார்.