பத்து விரல் நகம்

மாணவருக்கு வயது நாற்பத்தாறு. ஆசிரியைக்கு முப்பத்தெட்டு. அவர் இவரை ‘டீச்சர்’ என்பார், இவர் அவரை ‘அண்ணாச்சி’ என்பார். யாருக்கும் மரியாதை குறையாமல் இரண்டு வருஷமாகப் படிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

சுடலைமணி ஒரு மாவட்டத்து நல அலுவலகத்தில் கண்காணிப்பாளர். வாரம் முழுக்க அரசாங்கத் திட்டங்களை நடத்துவார். சனிக்கிழமை மத்தியானம் கல்லூரிக்கு வந்து, சமூகப்பணி வகுப்பில் உட்கார்ந்து, அதே திட்டங்களை எப்படி அலசிப் பார்ப்பது என்று ஜெபசெல்வியிடம் கற்றுக்கொள்வார். பதவி உயர்வுக்காகத்தான் படிக்கிறார் என்று ஆபீசில் பேச்சு. அது பொய்யும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை அவர் நாற்பது பக்கக் கட்டுரையை மேஜைமேல் வைத்தார். பக்கத்தில் ஸ்கூட்டர் சாவியை வைத்தார். சாவிக்கொத்தில் ஒரு நகவெட்டி தொங்கியது. மனிதர் சுத்தபத்தமானவர்.

ஜெபசெல்வி கட்டுரையைத் தொடவில்லை.

“திட்டத்த நாலு வரியில சொல்லுங்க அண்ணாச்சி.”

“படுத்த படுக்கையாக் கெடக்கறவங்க. பாத்துக்கிட ஒரு ஆளும் இல்ல. அவங்கள அரசாங்கம் பாத்துக்கிடும். வாரம் ஒருக்க நர்ஸ் வீட்டுக்கே வருவாங்க. முதுகுல புண்ணு வராம இருக்க மோட்டார் வச்ச காத்துப்படுக்கை குடுப்போம். நல்ல திட்டம் டீச்சர்.”

“குறை?”

“திட்டத்துல குறையே இல்ல. சனங்ககிட்டதான் குறை.” சுடலைமணி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “நாலாவது விதி, ‘பராமரிக்கக் குடும்பத்தில் எவரும் இருத்தல் கூடாது.’ ஆளு இருந்தா படுக்கை கிடையாது. நூத்திப்பத்து வீடு ஏறி இறங்கினேன். பத்தொம்பது வீட்டுல ஆள ஒளிச்சு வச்சிருக்காவ.”

“ஒளிச்சு வச்சத எப்படிக் கண்டுபிடிச்சிய?”

இந்தக் கேள்விக்காகத்தான் அவர் காலையிலிருந்து காத்திருந்தார்.

“இசக்கிமுத்துன்னு ஒரு பெயிண்டர். நாலு வருசத்துக்கு முன்னால சாரத்துல இருந்து விழுந்து முதுகெலும்பு போச்சு. கழுத்துக்குக் கீழ ஒண்ணும் ஓடாது. பொண்டாட்டி விட்டுட்டுப் போயிட்டான்னு மனு. தெருவுல கேட்டாலும் அதேதான் சொல்லுதாவ, ‘புருசன் படுத்ததும் ஓடிட்டா’ன்னு. நான் சொல்லாமக் கொள்ளாமப் போயி நின்னேன். வீட்டுல வேற ஆளே இல்ல. ஒரு செருப்பு இல்ல, ஒரு சேலை இல்ல.”

“பெறகு?”

“நகத்தப் பாத்தேன்.”

அவர் டீச்சர் முகத்தைப் பார்த்தார். அதில் ஒன்றும் தெரியவில்லை.

“பத்து விரல்லயும் நகம் ஒட்ட வெட்டியிருக்கு டீச்சர். தாடி மழிச்சிருக்கு. கழுத்துல பவுடர். கை வெளங்காத மனுசன் தானே வெட்டிக்கிடுவாரா? ‘யாரு வெட்டினது?’ன்னேன். முகட்டப் பாத்துக்கிட்டே கெடந்தாரு. அன்னைக்கே எழுதிட்டேன், ஆளு இருக்கு, படுக்கையத் திரும்ப எடுக்கலாம்னு. மத்த பதினெட்டும் இப்படித்தான். ஒரு வீட்டுல தல வாரியிருந்துச்சு. இன்னொரு வீட்டுல தலையணை உறை தொவைச்சு மணந்துச்சு.”

“சுத்தமா இருந்தவங்க எல்லாரும் மாட்டிக்கிட்டாவ.”

“ஆமா.” சொன்னபிறகு அவருக்கு அந்த வாக்கியம் என்னமோ போல இருந்தது. “நான் கல்நெஞ்சுக்காரன் இல்ல டீச்சர். அறுபது பேரு காத்துக்கிட்டு இருக்காவ. ஆளு இருக்கற வீட்டுக்குக் குடுத்துட்டு, ஆளு இல்லாதவன அழுகவிட முடியுமா?”

“முடியாது.”

டீச்சர் சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்திருந்த சுடலைமணிக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

“பட்டியல் என்னைக்குப் போகுது?”

“திங்கக்கிழமை. செவ்வாக்கிழமை வேன் போயி படுக்கைய எல்லாம் ஏத்திட்டு வந்துரும்.”

“இசக்கிமுத்து வீட்டுக்கு எப்பப் போனிய?”

“மூணு மாசம் இருக்கும்.”

“நாளைக்கு நான் கோயில் முடிஞ்சு வாறேன். இன்னொருக்கப் பாத்துட்டு வருவோம்.”

“எதுக்கு டீச்சர்? அதான் பாத்தாச்சே. கட்டுரையப் படிச்சு மார்க்கப் போடுங்க.”

“வந்து போடுதேன்.”

மறுநாள் பதினொரு மணிக்கு ஸ்கூட்டர் அந்தத் தெருவில் நுழைந்தது. எந்த வீடு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. இவர்கள் இறங்குவதற்குள் மூன்று வீட்டு வாசலில் தலைகள் தெரிந்தன. ஒரு சின்னப்பெண் சந்து வழியாகப் பின்பக்கம் ஓடினாள்.

ஒற்றை அறை. உள்ளே போனதுமே சுடலைமணி மூக்கைப் பொத்திக்கொண்டார். போன தடவை இந்த வாடை இல்லை. காற்றுப்படுக்கையின் மோட்டார் மட்டும் முனகிக்கொண்டிருந்தது. அதன்மேல் இசக்கிமுத்து கிடந்தார். கன்னம் முழுக்கத் தாடி. தலை சிக்குப் பிடித்திருந்தது.

சுடலைமணி கண் நேரே விரல்களுக்குப் போனது. வெளியே தெரிந்த கட்டைவிரல் நகம் அரை விரற்கடை வளர்ந்து, கறுத்து, வளைந்திருந்தது.

அப்பாடா என்றிருந்தது அவருக்கு. உண்மையாகவே சந்தோஷப்பட்டார். இவரிடமிருந்து படுக்கையைப் பிடுங்க வேண்டியதில்லை பாருங்கள்.

“பாத்தியளா டீச்சர்?” என்றார் மெதுவாக. “வந்துபோன ஆளும் நின்னுட்டு போல. இப்ப விதிப்படி இவருக்குத் தகுதி இருக்கு. பேர எடுத்துரலாம்.”

“கைய விரிச்சுப் பாருங்க அண்ணாச்சி.”

“என்னது?”

“அவரு கைய.”

இசக்கிமுத்துவின் விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி இறுகியிருந்தன. விளங்காத கை அப்படித்தான் சுருட்டிக்கொள்ளும். சுடலைமணி ஒரு விரலை மட்டும் பிடித்து நிமிர்த்தினார். நிமிர்த்தியவர் அப்படியே நின்றார்.

நகம் உள்ளங்கையைத் துளைத்து உள்ளே போயிருந்தது. நான்கு விரலுக்கும் நான்கு குழி. சீழ் கோத்திருந்தது. வாடை அங்கிருந்துதான் வந்தது.

“எய்யா,” என்றார் சுடலைமணி.

“எனக்கு வலி தெரியாது சார்,” என்றார் இசக்கிமுத்து. ஆறுதல் சொல்கிற குரலில் சொன்னார்.

“நர்ஸ் வாறாவல்லா? அவங்க பாக்கலையா?”

“திங்கக்கிழமை திங்கக்கிழமை வந்து மருந்து போடுதாவ. நகத்த வெட்டணும்னு ரெண்டு வாட்டி சொன்னாவ. நான்தான் விடல.”

“ஏன்?”

“நீங்கதான சார் நகத்தப் பாத்துட்டுப் போனிய.”

மோட்டார் முனகிக்கொண்டே இருந்தது. ஜெபசெல்வி சுவரோரமாக நின்றார். ஏதாவது சொல்வாரா என்று சுடலைமணி திரும்பிப் பார்த்தார்.

“ஒங்க சாவிக்கொத்துல நகவெட்டி இருக்குல்லா அண்ணாச்சி?”

அவர் சாவியை எடுத்தார். தரையில் மண்டியிட்டார். இருபத்திரண்டு வருஷ வேலையில் எந்த வீட்டிலும் அவர் தரையில் உட்கார்ந்ததில்லை.

“வேண்டாம் சார்! வெட்டிராதிய!” இசக்கிமுத்து தலையை மட்டும் அங்கும் இங்கும் ஆட்டினார். அவரால் ஆட்ட முடிந்தது அது ஒன்றுதான். “அடுத்தாப்புல வேற ஆபீசர் வந்து பாத்தா என்ன சொல்லுவேன்? படுக்கையத் தூக்கிட்டுப் போயிருவாவ சார். மொத வருசம் பாயில கெடந்தேன். முதுகுல எலும்பு தெரிஞ்சுச்சு. கை போனாப் போகுது சார். படுக்கை வேணும்.”

“நான்தான் ஆபீசர். சும்மா இரும்,” என்று அதட்டினார் சுடலைமணி. அதட்டல் பாதியிலேயே உடைந்துவிட்டது.

கட்டைவிரல் வந்தது. ஆள்காட்டி விரல் வந்தது. நடுவிரலும் மோதிரவிரலும் வந்துவிட்டன. சுண்டுவிரல் மட்டும் வரவில்லை. இழுக்க இழுக்க இன்னும் இறுகியது. அவர் பலத்தைப் போட்டார்.

“ஐயோ, இழுக்காதிய!”

குரல் பின்கதவுக்கு அந்தப்பக்கம் இருந்து வந்தது. பெண்குரல்.

“மொதல்ல மணிக்கட்ட மடக்குங்க. மணிக்கட்டு மடங்கினா விரலு தன்னால விட்டுக் குடுக்கும். இழுத்தா ஒடிஞ்சிரும்.”

சுடலைமணி மணிக்கட்டை மெல்ல மடக்கினார். சுண்டுவிரல் பூப்போல விரிந்தது.

“யாரும்மா அங்க?” என்றார்.

இசக்கிமுத்து கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவர் கண்ணோரம் தண்ணீர் காதுக்குள் இறங்கியது. அதைத் துடைக்கவும் அவருக்குக் கை இல்லை.

“முப்பிடாதியா?” அந்தப் பெயர் மனுவில் இருந்தது. விட்டுப் போன மனைவி.

“நான் இங்க இல்ல சார்,” என்றது குரல். “நான் ஓடிப்போயி நாலு வருசமாச்சு. எங்க அம்மையே என்கூடப் பேச மாட்டா, எங்க ஊரு பூரா காறித் துப்புது. நான் இல்லவே இல்ல சார். நீங்க வெட்டுங்க. வெட்டிட்டு, உள்ளங்கையில ஒரு துணியச் சுருட்டி வச்சுருங்க. மூலையில கொடியில துணி கெடக்கு.”

சுடலைமணி வெட்டினார். பத்து விரல் நகத்தையும் வெட்டினார். ஜெபசெல்வி வெந்நீர் வைத்துக் கொடுத்தார். புண்ணைக் கழுவி, துணியைச் சுருட்டி வைத்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. பின்கதவு திறக்கவே இல்லை. அந்தப்பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சுவது மட்டும் இரண்டு தடவை கேட்டது.

வெளியே வெயில் ஏறியிருந்தது. சுடலைமணி ஸ்கூட்டரைக் கிளப்பாமல் பையிலிருந்த கோப்பை எடுத்து சீட்டின்மேல் விரித்தார். ‘படுக்கையைத் திரும்பப் பெறலாம்’ என்று தான் எழுதியிருந்த வரியை அடித்தார். பேனா தாளைக் கிழித்தது.

“பட்டியல் நாளைக்குப் போகாது டீச்சர். மத்த பதினெட்டு வீட்டுக்கும் திரும்பப் போகணும்.”

ஜெபசெல்வி தலையசைத்தார்.

“ஆனா இதுல ஒரு கட்டம் இருக்கே. ‘பராமரிப்பவர் பெயர்.’ வெறுமனே விட முடியாது, திருப்பி அனுப்பிருவாவ. அந்தப் பொம்பள பேர எழுதினா படுக்கை போயிரும். ஒருத்தரும் இல்லைன்னு எழுதினா அவ இன்னும் எத்தன வருசத்துக்குச் சொவருக்குப் பின்னால நிக்கணும்? நான் என்ன எழுத டீச்சர்?”

“போன தடவ எத வச்சு ஆளு இருக்குன்னு முடிவு கட்டினிய?”

“நகத்த வச்சு.”

வீட்டுக்குள்ளிருந்து ரகசியமான குரல் கேட்டது. “போயிட்டாவளா?”

“இன்னும் வண்டிச் சத்தம் கேக்கல,” என்றார் இசக்கிமுத்து. “இரு. வந்துராத.”

சுடலைமணி பேனாவைப் பிடித்தபடி நின்றார். அவர் சட்டைக் கையில் ஒரு நகத்துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

“இன்னைக்கு நகம் வெட்டினவுக யாரோ,” என்றார் ஜெபசெல்வி, “அவுக பேர எழுதுங்க அண்ணாச்சி.”